மைக்கக்காவின் இரண்டு குரல்கள்

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலைக்குச் சேர்ந்த வாரமே அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. அவளைவிட மூத்த மூட்டை தூக்குபவர்கள்கூட "மைக்கக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

இரண்டாம் நடைமேடைக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் அவளுடைய அறை. கண்ணாடி ஜன்னல், ஒரு மேசை, ஒரு மைக், வெந்நீர் ஃபிளாஸ்க். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும் என்பதால், பேசும்போதெல்லாம் அதை நிறுத்த வேண்டும். கோடையில் வியர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்பவர்களின் கோபம் தணிகிற மாதிரி, வண்டி தாமதம் என்று சொல்வாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் தொடங்கினால், திட்ட வாயெடுத்தவன்கூட பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான்.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நிலையத்துக் குளிர்பதன அறைகளைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் அவருடையது. வீட்டில் அவள் முகம் கொஞ்சம் சுருங்கினாலே, "கோபம் எந்தப் பிளாட்பாரத்துல வருது? நான் அந்தப் பக்கம் போகாம இருக்கேன்" என்பார். கல்லூரியில் படிக்கும் ஒரே மகள். கூடவே அவளுடைய அப்பா. தையல்காரராக இருந்தவர், கண் மங்கியதும் கடையை மூடிவிட்டு மகளோடு வந்துவிட்டார். ரயில்வே குடியிருப்பில் இரண்டு அறை வீடு. நால்வரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடக்கப் பழகியிருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நிலையத்துக்குக் கணினி வந்தது. அவளை ஒரு பஞ்சு பதித்த அறையில் நாள்கணக்கில் உட்காரவைத்து எண்கள், ஊர்ப்பெயர்கள், கிழமைகள் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். பாதுகாப்பு. உடைமைகள். மைதானம். அக்கரை. பதிவு. குடும்பத்துடன். உடனடியாக. அன்புடன். கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். அதன் பிறகு அவள் பொத்தானை அழுத்தினால் போதும், துண்டு துண்டாகக் கிடந்த அவள் குரல் தானே ஒட்டிக்கொண்டு வாக்கியமாக வெளியே போகும். குழந்தை தொலைந்தது, நடைமேடை மாறியது என்று திடீரென்று வருவதற்கு மட்டும் பழைய மைக்.

"நோகாம நொங்கு தின்னுறீங்க" என்று அவளைக் கேலி செய்தவள் நிலைய வாசலில் தேநீர்க் கடை வைத்திருந்த பெண். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. போர்க்காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து இங்கே தங்கிப்போன குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அவர்களை ஊரில் அக்கரைக்காரர்கள் என்பார்கள். தேநீர்க்காரி பிறந்ததே இந்த ஊரில்தான், அக்கரையைக் கண்ணால் பார்த்ததில்லை. கணவன் இறந்துபோன பிறகு, காலம்போன காலத்தில் பிறந்த சின்ன மகளோடு தனியாக இருந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தச் சிறுமி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்.

தேர்தல் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு எல்லைத் தகராறு மறுபடியும் முற்றியிருந்த நேரம். "நம் வீட்டுக்குள்ளேயே பகைவன் இருக்கிறான்" என்று பேசிய கட்சி ஜெயித்தது. மைக்கக்கா அதற்குத்தான் ஓட்டுப் போட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலைவாசியைக் குறைப்போம் என்று அவர்கள் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்றதை மேடைப் பேச்சு என்று விட்டுவிட்டாள்.

ஜெயித்த மூன்றாம் மாதம், செய்தித் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி அவளுடைய அறைக்கு வந்தார். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை. உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

"அக்கா, சின்ன வயசுல உங்க குரலைக் கேட்டுத்தான் நான் ரயிலேறியிருக்கேன். இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் நம்புவாங்க. ஒரே ஒரு அறிவிப்பு, நீங்க படிச்சுக் குடுத்தா நல்லா இருக்கும்" என்று ஒரு தாளை நீட்டினார்.

அக்கரையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினரின் கனிவான கவனத்திற்கு என்று அது தொடங்கியது. உங்கள் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, குடும்பத்துடன் விளையாட்டு மைதானத்துக்கு வந்து பெயர்களைப் பதிவு செய்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள் என்று முடிந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. அப்படியிருந்தும் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்குப் படிக்கிறேனே தம்பி, இன்னிக்கு வண்டிங்க ஜாஸ்தி" என்று அனுப்பிவைத்தாள்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள். கணவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேரைப் பதியச் சொல்றாங்க, அவ்வளவுதானே? இதென்ன போர்க்காலமா? ஓட்டுல ஜெயிச்சு வந்தவங்க. கோர்ட்டு இருக்கு, பேப்பர் இருக்கு, ஆளாளுக்குக் கையில கேமரா இருக்கு. அப்படியெல்லாம் எதுவும் பண்ணிட முடியாது."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பாதுகாப்புன்னு எழுதியிருந்துச்சா?"

"ஆமாப்பா."

"குடும்பத்தோடன்னு?"

"ஆமா. ஏன்?"

அவர் தண்ணீர் குடித்தார். பெரியப்பா போரில் இறந்தவர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். எப்படி இறந்தார் என்று அப்பா சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னார்.

"அந்தப் பக்கத்துப் பட்டாளம் ஊரைப் பிடிச்சுக்கிட்ட சமயம். ஒரு வேன் வந்துச்சு. ஆம்பளைங்க எல்லாம் சினிமாக் கொட்டகைக்கு வாங்க, உங்க பாதுகாப்புக்குத்தான்னு மைக்ல சொல்லிக்கிட்டே போச்சு. சொன்னது யாரு? ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பேசுற பொம்பளை. நம்ம ஊருக்காரி. அவ குரல் எல்லாருக்கும் பழக்கம். பட்டாளத்துக்காரன் சொல்லியிருந்தா எவனும் போயிருக்க மாட்டான். அவ சொன்னதால அண்ணன் கிளம்பிட்டான். நானும் கூடவே போனேன். பாதி வழியில, போர்வையை மறந்துட்டேன், போய் எடுத்துட்டு வாடான்னான். நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள கொட்டகைக் கதவை மூடிட்டாங்க. அன்னிக்கு உள்ள போனவங்கள்ல ஒருத்தரும் திரும்பல."

யாரும் சாப்பிடவில்லை. மகள்தான் கேட்டாள். "அந்தப் பொம்பளை என்ன ஆனாங்க தாத்தா?"

"என்ன ஆவா? இருந்தா. போர் முடிஞ்ச பிறகு என் கடையிலதான் ஜாக்கெட் தைக்கக் குடுப்பா. வேற எவனும் தைச்சுக் குடுக்கல. ஒரு நாள் மனசு கேட்காம, 'தெரிஞ்சேதான் சொன்னீங்களா'ன்னு கேட்டுட்டேன். 'தெரியாதுன்னு சொன்னா நம்பவா போறே? தெரியும்னு சொன்னா என்ன செய்வே?'ன்னு கேட்டா. அப்புறம், 'எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சுங்க தம்பி'ன்னா."

மைக்கக்கா மெல்லக் கேட்டாள். "அப்ப நான் படிக்கக் கூடாதுன்னு சொல்றியாப்பா?"

"யார் சொன்னா? படிச்சுடு" என்றார் அப்பா. "அவளோட ரெண்டு பிள்ளைங்களும் பிழைச்சுது. போர் எனக்குக் கத்துக்குடுத்தது அது ஒண்ணுதான். குடுக்கிறதைப் படிச்சுட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கோ."

"தாத்தா!" என்று மகள் எழுந்துவிட்டாள். "பெரிய தாத்தாவை அப்படித்தானே கூப்பிட்டாங்க? அதையே இப்ப நாம செய்யுறதா? இவ்வளவு நடந்ததுக்கு அப்புறம் நீங்க கத்துக்கிட்டது இதுதானா?"

"உன் அம்மா உயிரோட இருக்கணும்னு கத்துக்கிட்டேன். அது உனக்குப் பத்தலையா?"

ஒரே மனிதருக்கு ஒரே கொட்டகையில் நடந்ததைக் கேட்டுவிட்டு வீட்டில் நாலு பேரும் நாலு பக்கமாகத் திரும்பிப் படுத்தார்கள்.

மறுநாள் மைக்கக்கா எதிர்த்து நிற்கவில்லை. அவள் அந்த ரகம் கிடையாது. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னாள். தெரிந்த டாக்டரிடம் கெஞ்சி, பேசக் கூடாது என்று ஒரு சீட்டும் வாங்கிக் கொடுத்தாள். பொய்யைச் சொல்லிவிட்டதால் நிலையத்தில் இருக்கும்வரை கிசுகிசுத்தே பேச வேண்டியதாயிற்று. தேநீர்க்காரிக்கு ஒரே சிரிப்பு. "மைக்கக்காவுக்கே மைக் அவுட்டா? இருங்க, நல்ல சூடா வெந்நி தர்றேன், குடிங்க." அவள் உண்மையான அக்கறையோடு கொண்டுவந்து கொடுத்த வெந்நீரை, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாத மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. போனில் பேசினார். "உடம்பைப் பாத்துக்கங்க அக்கா. நீங்க சிரமப்பட வேண்டாம். நம்ம பசங்களே முடிச்சுட்டாங்க."

முடித்துவிட்டார்கள் என்றால் என்ன என்று சனிக்கிழமை சந்தையில்தான் அவளுக்குப் புரிந்தது. வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது. அதிலிருந்து அவள் குரலே வந்தது. அவள் ஒருபோதும் சேர்த்துச் சொல்லாத வாக்கியத்தை, அவளுக்கே உரிய நிதானத்தோடு, அன்புடன் என்ற இடத்தில் அவள் வழக்கமாகத் தாழ்த்திக் கொடுக்கும் இழைவோடு சொல்லிக்கொண்டு போனது. எல்லாத் துண்டுகளையும் எப்போதோ அவள்தான் கொடுத்திருந்தாள். சந்தையில் இருந்தவர்கள் வேனைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். வெங்காயக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "தொண்டை சரியாயிடுச்சு போல" என்றார். அவள் பையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். வேன் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வந்து மறுபடியும் அவளைக் கடந்தது.

திங்கட்கிழமை காலை தேநீர்க்காரி கடையைத் திறக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அறிவிப்பு அறையின் கதவருகே நின்றாள். இருவரும் குளித்து, நல்ல உடை உடுத்தியிருந்தார்கள்.

"மைதானத்துக்குக் கிளம்பிட்டோம். எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. நீங்களே சொல்லிட்டீங்கன்னதும் தைரியம் வந்துடுச்சு. போற வழியில உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு..."

"போகாதே" என்றாள் மைக்கக்கா. பழக்கதோஷத்தில் அதுவும் கிசுகிசுப்பாகவே வந்தது. "அது நான் இல்ல. என் குரலை வெட்டி ஒட்டியிருக்காங்க. போகாதே."

தேநீர்க்காரி அவளையே பார்த்தாள். "வேன்ல வாங்கன்னு அவ்வளவு தெளிவா சொன்னீங்க. இங்க வந்தா காதோட காதா போகாதேங்கிறீங்க. நான் எதை நம்புறது?"

"என்னை நம்பு."

"உங்களை நம்பித்தானே கிளம்பினேன்?" அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போகலேன்னா தேடி வருவாங்க. இந்தக் கடையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? போயிட்டு வந்துடறேன் அக்கா. பேருதானே, குடுத்துட்டு வந்துடறேன்."

அவர்கள் வாசலைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வாசலில் வேறு சில அக்கரைக் குடும்பங்களும் மைதானத்துப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தன. பிறகு எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். பழைய மைக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. நான்தான் பேசுறேன், மைக்கக்கா. வேன்ல வர்றது நான் சொன்னது இல்ல. யாரும் மைதானத்துக்குப் போகாதீங்க. தயவுசெஞ்சு போகாதீங்க."

இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக மைக்கில் வீட்டுப் பேச்சுப் பேசினாள். குரல் நடுங்கியது, நடுவில் இருமல் வந்தது. மூன்றாவது முறை சொல்லும்போது நிலைய மேலாளர் ஓடிவந்து மின்சாரத்தைத் துண்டித்தார். அவர் கத்தவில்லை. முகம் வெளுத்திருந்தது. "என்னம்மா பண்ணிட்டீங்க? நான் ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு" என்று நாற்காலியில் சரிந்தார்.

வாசலில் நின்றவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள். பலர் போகவில்லை. அவர்களில் ஒருவர் பிறகு சொன்னாராம்: "அது மைக்கக்கா மாதிரியே இல்லியே. அவங்க இப்படியா திக்கித் திணறிப் பேசுவாங்க?"

தன்னைக் கைதுசெய்ய வருவார்கள் என்று அவள் வீட்டில் காத்திருந்தாள். கணவர் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். மகள் அம்மாவின் கையை விடவே இல்லை. யாரும் வரவில்லை. மாலைச் செய்தியில் ஒரு வரி வந்தது. நிலைய அறிவிப்பாளரின் குரலைப் போலவே பேசி மக்களைக் குழப்பச் சமூக விரோதிகள் முயன்றதாகவும், உண்மையான குரல் எது என்று மக்களுக்குத் தெரியும் என்றும்.

மறுநாள் காலை அதிகாரி வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். அப்பாவுக்கு வணக்கம் சொன்னார்.

"நேத்து உங்க அறையில பேசினது நீங்க இல்ல அக்கா."

"நான்தான் தம்பி."

"உங்களுக்குத் தொண்டை சரியில்லையே? பேசக் கூடாதுன்னு டாக்டர் சீட்டு நீங்கதானே குடுத்தீங்க? பேச முடியாதவங்க எப்படி மைக்ல பேசுவாங்க?" அவர் குரலில் கேலி இல்லை, அவளுக்கு ஒரு வழி காட்டிக் கொடுப்பதைப் போலத்தான் சொன்னார். பிறகு மகளிடம் கல்லூரி எப்படிப் போகிறது என்று விசாரித்தார். எந்தப் பேருந்தில் போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர் போனதும் கணவர் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார். பகடி பேசும் மனிதருக்கு அன்று ஒன்றும் வரவில்லை. "நீ பேசலேன்னே வெச்சுக்குவோம்" என்றார். "நமக்காக."

இப்படித்தான் அவள் மாட்டிக்கொண்டாள். பேசாததற்கு அவள் குரல் சாட்சி சொன்னது, பேசியதை அவள் பொய்ச் சீட்டு இல்லை என்றது. வேலை போயிருந்தால்கூட ஊருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். வேலையும் போகவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே சிறந்த பொதுச்சேவைக்கு என்று மேடையில் ஏற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். தொண்டை இன்னும் சரியாகவில்லை என்பதால் ஏற்புரை வேண்டாம் என்றும் அவர்களே அறிவித்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கும்வரை அவள் கேடயத்தைப் பிடித்தபடி நின்றாள். அவள் அறையிலிருந்து பழைய மைக்கை எடுத்துவிட்டார்கள். மேசையில் அது இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

மைதானத்துக்குப் போனவர்கள் அதற்கு மறுநாள் திரும்பி வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. புகைப்படம் எடுத்து, கைரேகை வாங்கி, சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அட்டை வைத்திருப்பவர்கள் ரயில் நிலையம், மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் தொழில் செய்யக் கூடாது. தேநீர்க்காரியின் கடை பூட்டியே கிடந்தது. ஊரில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல. நீதான் வீணாப் பயந்தே" என்று கணவர் அவள் தோளைத் தட்டினார். அவர் சொன்னதில் நிம்மதியைத் தவிர வேறொன்றும் இல்லை. அவளுக்கே வெட்கமாக இருந்தது. மைக்கில் அப்படிக் கதறியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அப்பா மட்டும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"என்னப்பா, நல்லபடியாத்தானே முடிஞ்சுது?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றார் திரும்பாமலே. "அண்ணன் கொட்டகைக்குப் போனது ரெண்டாவது தடவை. முதல் தடவை கூப்பிட்டப்ப பயந்துக்கிட்டேதான் போனோம். பேரு எழுதிக்கிட்டு, ஆளுக்கொரு ரொட்டி குடுத்து அனுப்பிட்டாங்க. வர்ற வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தோம். அதனாலதான் ரெண்டாவது தடவை யாருமே யோசிக்கல."

"இதை ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீ படிக்க மாட்டே."

அவள் அவரைத் திட்ட நினைத்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த முதுகைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். முக்காடாக ஒரு துணியைப் போட்டுக்கொண்டு, தேநீர்க்காரியின் வீட்டுக்குப் போனாள். அக்கரைக்காரர்கள் தெருவில் பட்டப்பகலில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. தேநீர்க்காரி அவளை உள்ளே விட்டாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

"கேடயம் குடுத்தாங்களாமே" என்றாள்.

"குடுத்தாங்க."

பிறகு மைக்கக்கா, அப்பா சொன்னதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தேநீர்க்காரி கேட்டு முடித்துவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப அடுத்த தடவை கூப்பிட்டா போகக் கூடாது."

"போகக் கூடாது."

"எங்க போறது அப்ப? அக்கரைக்கா? அங்க எனக்கு ஒரு நாய்கூட சொந்தமில்ல. பாலத்துல செக்போஸ்ட் போட்டுட்டாங்க. அட்டையைப் பாத்தா ரயில்ல டிக்கெட் தர மாட்டேங்கிறான். நீங்களே சொல்லுங்க, எங்க போறது?"

மைக்கக்கா தரையில் உட்கார்ந்தாள். சற்றுத் தள்ளித் தேநீர்க்காரியும் உட்கார்ந்தாள். மூலையில் சிறுமி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தது.

மகளைப் பார்த்துக்கொண்டே தேநீர்க்காரி கேட்டாள். "இவளுக்கு அட்டை போடல. பத்து வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அடுத்த தடவைன்னுட்டாங்க. உங்க வீட்ல இவளை வெச்சுக்குவீங்களா?"

ரயில்வே குடியிருப்பு. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய வீடு. மகள் எந்தப் பேருந்தில் போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். கணவரிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனையும் அவள் மனதில் ஓடியது. "துணிமணியை எடுத்து வை" என்றாள்.

கணவர் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து ஒரு மடக்குக் கட்டிலைத் தூக்கிவந்து, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். யாராவது கேட்டால் தன் தங்கை மகள் என்று சொல்லும்படி அவரே ஏற்பாடு செய்தார். "தங்கச்சி வெளியூர்ல வேலைக்குப் போயிட்டா" என்று கதையும் கட்டினார். தேநீர்க் கடையில் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியாதபடி மகள் சிறுமியின் முடியைக் குட்டையாகக் கத்தரித்துவிட்டாள். அவருக்குத் தங்கையே கிடையாது என்பது நல்லவேளையாகப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அப்பா மட்டும் அந்தக் குழந்தையிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதன் தட்டில் சோறு குறைந்தால் மட்டும், "போடு இன்னும்" என்று மைக்கக்காவை அதட்டுவார்.

இரண்டாவது அழைப்பு இன்னும் வரவில்லை. வரும் என்று சிலர் சொல்கிறார்கள். தேநீர்க்காரி வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். போகும் வழி ரயில்வே குடியிருப்பைச் சுற்றித்தான். அந்த நேரத்துக்குச் சிறுமியை மாடியில் துணி உலர்த்த அனுப்புகிறார்கள். கையசைக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அது கையசைப்பதில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து, சிறுமியை மேலும் கீழுமாக அளந்தாள். மைக்கக்கா நகர்ந்து வாசலை மறைத்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் சாடை அப்படியே இருக்கு" என்றாள் அந்த அம்மா. "மூக்கைப் பாருங்களேன்."

"ஆமா, அவங்க வழிதான்" என்று சிரித்துக் கறிவேப்பிலையைக் கொடுத்து அனுப்பினாள் மைக்கக்கா. பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளப் பார்த்தாள். இரண்டு முறை தள்ளியும் அது பொருந்தவில்லை. குழந்தை வந்து அவளுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தது.